வேன் கண்ணாடியில் இருந்தது நீ இல்லை

மண்ணுக்குள் போன பிறகும் என்னை வேலை வாங்குகிற என் அருமை மாப்ளே, சகாயம்,

நீ போய் வருஷம் ஒன்று முடிந்துவிட்டது. நினைவுப் பூசைக்கு எல்லாரும் வந்தார்கள். பிரியாணி சாப்பிட்டார்கள். உன்னைப் பற்றி அவர்கள் பேசிய நல்ல வார்த்தைகளை நீ கேட்டிருந்தால், யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருப்பாய். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பங்குச் சாமியார் முன்னால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன்மேல் இருக்கிற ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன். கண் மஞ்சளாகிவிட்டது, சோறு இறங்கவில்லை, நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறாய். ஸ்டெல்லா அழுதாள், நான் கத்தினேன். நீ என்ன சொன்னாய்? "சூட்டு உடம்பு மச்சான், இந்த ஆர்டர் போவட்டும், அப்புறம் பாத்துக்கிடுதேன்." கம்ப்யூட்டரில் ஒரு கமா தப்பினால்கூட அது என்ன குறை சொல்கிறது என்று உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறவன் நீ. உன் உடம்பு அத்தனை பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியதை ஏன் படிக்கவில்லை? மஞ்சள் காமாலையோடு ஓவர்டைம் பார்த்தவன் இந்த ஸ்ரீபெரும்புதூர் தாலுக்காவிலேயே நீ ஒருவன்தான் இருப்பாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

சகாயம் என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன். தெற்கே கடற்கரை ஊர். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடி வந்தவன், சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டு மாடி ரூமில் ஏழெட்டுப் பையன்களோடு வாடகைக்குப் படுத்திருந்தான். வாடகை கொடுக்கப் படியிறங்கி வந்தவன் என் தங்கையைக் கேட்டுவிட்டுத்தான் படியேறினான். நானும் அவனும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே பட்டறையில் வேலை. கார் கம்பெனிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டித் தருகிற பட்டறை. "கை வைக்காதே", "மின்சாரம்", "இந்தப் பக்கம் மேலே" என்று கை படமும் அம்புக்குறியும் போட்ட எச்சரிக்கை ஸ்டிக்கர்கள். அது போக, வேனுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பின் கண்ணாடியில் ஒட்டுகிற பெயர்கள், செத்துப்போன அப்பாக்களின் முகங்கள். எங்கள் ரோட்டில் ஓடுகிற வண்டிகளின் பின்னால் பாருங்கள், யாராவது ஒரு அப்பா ஒரே வெள்ளை நிறத்தில் பார்த்துக்கொண்டு இருப்பார்.

படத்தைத் தயார் செய்வது அவன் வேலை, வெட்டுவது என் வேலை. என் மெஷின் பேனாவுக்குப் பதில் பிளேடு பிடித்திருக்கிற ஜாதி. அதற்குக் கொடுக்கிற வெக்டர் படம் என்பது வேறொன்றுமில்லை, புள்ளிகளைக் கோட்டால் சேர்த்த படம். போட்டோவைக் கொடுத்து இதைக் கோடாக்கு என்றால் கம்ப்யூட்டர் கண்டபடி புள்ளிகளை அள்ளிக் கொட்டும். பிளேடு ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கித் தயங்கி நிற்கும். ஸ்டிக்கர் பிய்ந்துபோகும். வேண்டாத புள்ளிகளை யாராவது எடுக்க வேண்டும்.

யார் எடுப்பது? மற்ற பட்டறைகளில் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்துக் கொண்டிருப்பார்கள். நீ மட்டும் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தந்தி ஆபீஸ்காரன் மாதிரி தட்டுவாய். நீயே எழுதி வைத்த கட்டளைகளின் பெயர் (அதை ஸ்கிரிப்ட் என்பாய்), ஒரு படத்தின் பெயர், ஒரு எண். அவ்வளவுதான், படம் மெலிந்து வந்து நிற்கும். எண் பெரிதானால் புள்ளிகள் நிறையப் போகும், சின்னதானால் எல்லாம் அப்படியே இருக்கும், குப்பையும் சேர்த்து.

"இன்னாத்துக்கு மாப்ளே இந்தக் கண்றாவி? ஊர் ஒலகம் பூரா ஐகானைத் தட்டிக்கினு போவுது, நீ மட்டும் இன்னும் எழுதிக்கினு கீறே?" என்று நான் கேட்டேன்.

"மச்சான், ஐகானத் தட்டுதவனுக்கு உள்ள என்ன நடக்குன்னு தெரியாது. நான் சொல்லுதத மட்டுந்தான் இது கேக்கும்."

"பொண்டாட்டி சொல்றத நீ கேக்க மாட்டே. நீ சொல்றத மெஷின் கேக்கணுமா?"

அதற்கும் சிரித்தாய். ஆனால் வாயை மூடிக்கொண்டு. கபடியில் உடைந்த அந்த முன்பல் உனக்கு அப்படி ஒரு வெட்கம். யாராவது செல்போனைத் தூக்கினால் போதும், உதட்டை இறுக்கிக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி நிற்பாய். உன் மகள் ஜெனிக்கு மட்டும்தான் அந்தப் பல்லைக் காட்டுவாய். அவள் உன் மடியில் ஏறி அந்தச் சந்தில் விரலை விடுவாள். நீ "கடிச்சிருவேன்" என்று வாயை மூடுவாய். அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு வீடு அதிரச் சிரிப்பாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் தினமும் இந்தக் கூத்து. நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடுகிறீர்களா என்று நான் கத்தியிருக்கிறேன். இப்போது நிம்மதியாகத்தான் சாப்பிடுகிறேன். நன்றாகவே இல்லை.

உன் இன்னொரு ஸ்கிரிப்ட்டும் நினைவிருக்கும். ஒரு பெரிய கஸ்டமர், சப்ளையர்களுக்கென்று வைத்திருந்த இணையப் பக்கத்தில் காலையில் ஒரு டெலிவரி கணக்கைப் போடுவான். மத்தியானம் சத்தமில்லாமல் அதை மாற்றுவான். சாயங்காலம் போன் செய்து, "நாங்க காலைலேர்ந்து இதைத்தான் போட்டிருக்கோம்" என்று சாதிப்பான். நம் முதலாளி போனிலேயே கூனிக் குறுகுவார். போனை வைத்த பிறகு நம்மிடம் வந்து நிமிர்வார். இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நீ அதை எழுதினாய். தினம் காலையில் யாரும் தொடாமலே அந்தப் பக்கத்தைத் திறந்து, தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே படமாகப் பிடித்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். அடுத்த முறை அந்த ஆள் பொய் சொன்னபோது அன்றைய படத்தை மெயிலில் அனுப்பினாய். அதற்குப் பிறகு அவன் மரியாதையாகப் பேசினான். முதலாளி அடுத்த மீட்டிங்கில், "என் ஐடியாதான் இது" என்று டையைத் தடவிக்கொண்டார். நீ தலையை ஆட்டினாய். எனக்கு வாயில் நன்றாக வந்தது.

எழுதும்போது சோதித்துப் பார்ப்பதற்காக நம் பட்டறையின் சொந்த வெப்சைட்டையும் அதே ஸ்கிரிப்ட்டில் சேர்த்தாய். பிறகு எடுக்க மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா? அதை இனி யாரிடம் கேட்பது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னை உன் ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, ஸ்டெல்லாவோடும் ஜெனியோடும் அங்கேயே தங்கியிருந்தேன். முப்பதாம் நாள் பூசைக்குத்தான் திரும்பி வந்தோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னால் ஒரு புதுமுகம். யாரோ பாவம் என்று நினைத்தேன். அடுத்து ஒரு கம்பெனி வேன், அதிலும் அதே முகம். அதற்கடுத்த வேனிலும். கீழே பெயரைப் படித்த பிறகுதான் தெரிந்தது: சகாயராஜ், கண்ணீர் அஞ்சலி.

மாப்ளே, ஒரு முட்டையில் மீசையை வரைந்து பார். அதுதான். புருவம் இரண்டும் இரண்டு வாழைப்பழம். மூக்கைக் காணோம். வாய் இருந்த இடத்தில் பஞ்சாயத்து ரோடு மாதிரி ஒரு கோடு. பூசை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா அருள்? நம்ம செலவுல எல்லா வண்டிக்கும் அடிச்சிக் குடுத்தோம். சகாயத்துக்கு நம்ம மரியாதை."

"யார் சார் இது?"

"என்னப்பா, சகாயந்தான்."

உன் நாற்காலியில் கௌதம் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். முதலாளியின் மச்சினன். சென்னையில் எங்கேயோ மூன்று மாதம் கோர்ஸ் படித்துவிட்டு வந்து, இங்கே கிரியேட்டிவ் ஹெட். அந்தப் பட்டறையில் அவனுக்குக் கீழே வேலை செய்ய இன்னொரு கிரியேட்டிவ் ஆள்கூடக் கிடையாது, இருந்தாலும் ஹெட். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எதற்காகவோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ப்ரோ, அது மினிமலிஸ்ட் ஸ்டைல். இப்ப ட்ரெண்டே இதுதான். லெஸ் இஸ் மோர்."

அவனை நான் அடிக்கவில்லை. அன்று பூசை நாள்.

எப்படிச் செய்தான் தெரியுமா? உன் கல்யாண போட்டோவை எடுத்தான். ஸ்டூடியோக்காரன் ஏற்கெனவே அதில் உன்னை மாநிறத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாற்றி, போனால் போகிறது என்று பல்லையும் கட்டிவிட்டிருந்தான். அதைக் கோடாக்கினான். பிறகு உன் கம்ப்யூட்டர் திரையில் "சுத்தம்" என்று பெயர் போட்டிருந்த ஐகான்மேல் இழுத்துப் போட்டான்.

ஆமாம், நீ செய்த ஐகான். தட்டுவது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று முதலாளி நச்சரித்தார் என்பதற்காக, உன் கொள்கையை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு நீ செய்து கொடுத்த ஒரே ஐகான். படத்தை அதன்மேல் போட்டால் போதும், எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். என்ன எண்? எச்சரிக்கை ஸ்டிக்கருக்கு வைத்த பெரிய எண். கையும் அம்புக்குறியும் மின்னலும் வெட்டுவதற்கு அது சரிதான். ஒரு அம்புக்குறிக்கு உன்னை மாதிரி புருவத்தில் தழும்பு கிடையாது. உன் முகத்தை அந்த எண்ணில் போட்டால் என்ன ஆகும்? அந்தப் பயலுக்கு உள்ளே எண் இருக்கிறது என்பதே தெரியாது. மெஷின் தடங்கல் இல்லாமல் சர்ரென்று வெட்டித் தள்ளியது, அதனால் சூப்பர் என்று எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள். சோம்பேறிகளுக்கு இரக்கப்பட்டாய், உன் முகத்தையே தின்றுவிட்டார்கள்.

இதோடு விட்டிருந்தாலும் விட்டிருப்பேன். வேன் கண்ணாடியில் எத்தனையோ அசிங்கம் ஓடுகிறது. ஆனால் கம்பெனி வேன் ஒன்று காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்ற நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. முதல் தடவை ஜெனி அந்த ஸ்டிக்கரைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள். ஸ்டெல்லா என்ன செய்வாள், கீழே பெயர் போட்டிருக்கிறதே. "அப்பாம்மா" என்றாள். அன்றிலிருந்து பிள்ளை தினமும் பல் தேய்த்ததும் வாசலுக்கு ஓடும். வேன் கிளம்பினால் அந்த முட்டைக்கு டாட்டா காட்டும். நாங்களும் பாவம், குழந்தை ஆறுதலாக இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு நாள் ஸ்டெல்லா கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா பாரு" என்று காட்டினாள். ஜெனி உற்றுப் பார்த்தாள்.

"இது அப்பா இல்ல. அப்பா வேன்ல கீறாரு."

ஸ்டெல்லா இன்னொரு படத்தைத் திருப்பினாள். அதையும் இல்லை என்றாள். உன் செல்போனைக் கொண்டுவந்து தேடினால் அதில் உன் படம் எங்கே இருக்கிறது? நீதானே எடுக்கிறவன், எல்லாமே ஜெனி. ஒன்றிரண்டு இருந்தன, அதே இறுகிய போலீஸ்காரன். அதையும் பிள்ளை ஏற்றுக்கொள்ளவில்லை. என் தங்கை ஆல்பத்தை மூடிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, எம் பொண்ணுக்கு அவரு மூஞ்சியே மறந்துபோச்சுண்ணே. அந்த சனியனைப் பிச்சிப் போடு. இல்லாட்டி நெசமான மூஞ்சிய எங்கேர்ந்தாவது கொண்டா."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

பிய்க்கத்தான் முதலில் பார்த்தேன். வாசலில் நிற்கிற வேனின் டிரைவர் ஏழுமலையிடம் போய்ச் சொன்னேன். அவன் என்னை ஏதோ கோயிலை இடிக்க வந்தவன் மாதிரி பார்த்தான்.

"நல்லாத்தானே கீது, இன்னாத்துக்குண்ணா எடுக்கணும்? இவர ஒட்டுனதுலேர்ந்து வண்டிக்கு ஒரு கீறல் வுழல. காத்தால இவருக்குக் கற்பூரம் காட்டாம நான் ஸ்டார்ட்டே பண்றது இல்ல."

பார்த்தால் உன் நெற்றியில் குங்குமம். கீழே ஒரு எலுமிச்சம்பழம் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே பாதி நேரம் டிமிக்கி கொடுத்தவன் நீ, உனக்குக் கற்பூரம் காட்டுகிறான். அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

முதலாளியிடம் போனேன். சரியான படமாக ஒன்று வெட்டிக்கொள்கிறேன், மெஷினைக் கொடுங்கள் என்றேன். "எல்லாம் ஒண்ணுதானேப்பா, மனசுல நெனைக்கிறதுதான் முக்கியம்" என்றார். இவரது அப்பா படம் ஆபீஸில் மாலையோடு தொங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பூசணிக்காயை மாட்டினால் மனசுல நெனைச்சுக்குவாரா? கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள், திங்கட்கிழமை கௌதம் அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணி எல்லாவற்றையும் அழிக்கப்போகிறான் என்றார்.

உன் கம்ப்யூட்டர், மாப்ளே. அந்த ஐகானுக்கு மட்டும் கௌதம் எப்போதாவது எட்டிப் பார்ப்பான், மற்றபடி மூலையில் தூசி மூடி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று அந்தக் கிரியேட்டிவ் மண்டைக்குத் தோன்றவில்லை. அவன் செய்த ஒரே நல்ல காரியம் அந்தச் சோம்பேறித்தனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போய்விட்டு, ஸ்டெல்லாவையும் ஜெனியையும் பைக்கில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஸ்டெல்லா ஏதாவது படம் கிடைக்குமா என்று உன் ஃபோல்டர்களைத் திறந்துகொண்டே போனாள். ஒரு ஃபோல்டரில் படம் படமாகக் கொட்டிக் கிடந்தது. உன் ஸ்கிரிப்ட் நீ போனது தெரியாமல் தினம் காலையில் எழுந்து வேலை பார்த்திருக்கிறது. கஸ்டமர் பக்கத்தின் பாஸ்வேர்டை எப்போதோ மாற்றிவிட்டார்கள். அதனால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று கதவைச் சாத்துகிற பக்கத்தை எத்தனையோ மாதமாக ஒழுங்காகப் படம் பிடித்து அடுக்கி வைத்திருக்கிறது. உன்னை மாதிரியே ரோஷம் இல்லாத ஜென்மம்.

பக்கத்திலேயே நம் பட்டறை வெப்சைட்டின் படங்கள். புது வெப்சைட்டை நீ பார்க்கவில்லை. உன்னோடு சேர்த்து எங்கள் எல்லார் படத்தையும் தூக்கிவிட்டு, மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர்கள் கை குலுக்குகிற படத்தைப் போட்டிருக்கிறார்கள். நம் தகர ஷெட்டில் எந்த வெள்ளைக்காரன் வந்து யார் கையைக் குலுக்கினான்? ஸ்டெல்லா பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். ஹெல்மெட், ஹெல்மெட், ஹெல்மெட். அப்புறம் திடீரென்று பழைய பக்கம். "எங்கள் குழு" என்று தலைப்பு, நம் ஆட்கள் வரிசையாக.

அதில் நீ சிரிக்கிறாய். பல் தெரிய.

அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா? போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தது. முதலாளி கழுத்து நரம்பு புடைக்க டை கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். நீ வழக்கம்போல உதட்டை இறுக்கினாய். நான் உன் காதில், "அந்த டை இன்னிக்கு அந்தாளையே தூக்குல போடப்போவுது, பாத்துக்கினே இரு" என்றேன். அந்த நேரத்தில் கிளிக். பிறகு அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி முதலாளியிடம் நீ கெஞ்சினாய், அவர் சட்டை செய்யவில்லை. எல்லாரையும் எளப்பமாப் பேசுறதை எப்போ விடப்போறே என்று அம்மா என்னைச் சாகும்வரை திட்டினாள். அந்த எளப்பப் பேச்சால்தான் உன் பல் ஒரு படத்தில் விழுந்திருக்கிறது.

ஸ்டெல்லா திரையைத் தொட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் டீ வாங்கப் போனேன்.

கண்டுபிடித்தது பாதி வேலைதான். படத்தில் உன் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. பெரிதாக்கிக் கோடாக்கினால் கன்னமெல்லாம் முள்முள்ளாக வந்தது, பலாப்பழம் மாதிரி. அப்படியே வெட்டினால் ஸ்டிக்கர் பிய்ந்துவிடும். புள்ளியைக் குறைத்தாக வேண்டும். ஐகானைத் தொட்டால் முட்டை. வேறு வழியில்லாமல், நான் வாழ்நாளெல்லாம் கேலி செய்த அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தேன். உன் பின்னால் நின்று எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் பெயரைத் தட்டினேன், படத்தின் பெயரைத் தட்டினேன், என்டரை அமுக்கினேன்.

திரையில் ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் உன் தமிழ்.

"மச்சான், எண் எங்க? அத நீங்கதான் சொல்லணும்."

எப்போது எழுதி வைத்தாய் இதை? என்றாவது ஒரு நாள் நான்தான் எண் போட மறப்பேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை யாரும் பார்க்கவில்லை, மாப்ளே. ஐகானைத் தட்டியவனுக்கு எண் தானாகவே போய்விட்டது, அதனால் நீ யாரிடமும் எதையும் கேட்கவே இல்லை. அழுதேன். பட்டறையில் யாரும் இல்லை, அழுவதற்கு வசதியாக இருந்தது. ஸ்டெல்லா என் தோளில் கை வைத்து, "போடுண்ணே, ஏதாச்சும் ஒண்ணு போட்டுப் பாரு" என்றாள்.

போட்டேன். பெரிதாகப் போட்டால் பல் அடைத்துக்கொண்டது. சின்னதாகப் போட்டால் மறுபடியும் முள். கொஞ்சம் ஏற்றினேன், கன்னம் சரியானது, ஆனால் புருவத்தில் தழும்பு போய்விட்டது. கொஞ்சம் இறக்கினேன். மத்தியானச் சாப்பாடு போனது, நடுவில் கரண்டும் போய் வந்தது. ஒரு எண்ணில் கன்னம் வழவழப்பாகவும் தழும்பு தழும்பாகவும் வந்து நின்றது. பல் சந்தில் மட்டும் ஒரு சின்ன முக்கு, உடைந்த பல்லின் முனை. அந்த முக்குக்கு எத்தனை புள்ளி இருக்கும், ஒன்றோ இரண்டோ. அது போனால் நீ ஸ்டூடியோக்காரனின் மாப்பிள்ளை. அது இருந்தால் என் மாப்பிள்ளை.

வெட்டினேன். வேண்டாத வெள்ளையை ஊசியால் குத்திக் குத்தி உரித்தேன். பல் சந்தை உரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். பட்டறையின் வாசல் கண்ணாடிக் கதவில், ஜெனியின் உயரத்துக்கு ஒட்டிவிட்டு, வெளியே அட்டைப்பெட்டி வைத்து விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். அப்பா என்று நானும் சொல்லவில்லை, ஸ்டெல்லாவும் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு முறை சொல்லிக் கொடுத்துத்தான் இந்தக் கதி.

பிள்ளை வந்து நின்றாள். பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதையும் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் வேறு எங்கே போய் உன்னைத் தேடுவேன்?

மெதுவாகக் கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலை நீட்டி, நேராக அந்தச் சந்தில் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடிச்சிரும்" என்றாள். உன் ஊர்ப் பேச்சில், உன் மாதிரியே இழுத்து. சொல்லிவிட்டு ஷெட் அதிரச் சிரித்தாள்.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய போன் கம்பெனியை மூடிவிட்டார்கள். மாடி ரூம்கள் எல்லாம் காலி, நம் வீட்டு மாடியிலும் "வாடகைக்கு" போர்டு தொங்குகிறது. தெற்கத்திப் பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகும்போது பார்க்க முடியவில்லை. முதலாளி பட்டறைக்கு "டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்" என்று புதுப் போர்டு வைத்திருக்கிறார், அதை வெட்டியதும் நான்தான். கௌதம் திங்கட்கிழமை சொன்னபடி ஃபார்மட் செய்தான். அதற்கு முன் உன் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். "சுத்தம்" ஐகானை மட்டும் ஏற்றவில்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்து அது ஒழிந்தது. அதனால் இப்போது அம்புக்குறிக்குக்கூட கௌதம் என்னிடம்தான் வந்து நிற்கிறான், நானும் முதலில் அவனைக் கொஞ்சம் நிற்கவைக்கிறேன். ஜெனி எல்கேஜி போகிறாள். டீச்சரைக் கடித்துவிட்டாளாம், புகார் வந்திருக்கிறது. யாரைக் குறை சொல்வது?

வேன்களில் முட்டையைப் பிய்த்துவிட்டு உன்னை ஒட்டிக்கொண்டு வருகிறேன். பிளேடும் தண்ணீருமாக ரோட்டோரம் நிற்கிறேன், போகிறவன் வருகிறவன் எல்லாம் பைத்தியமா என்று பார்க்கிறான். பார்க்கட்டும். ஏழுமலை மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை, அவனுடைய சாமியை மாற்ற மாட்டானாம். அவனையும் விடமாட்டேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், மாப்ளே. ஜெனிக்குக் கல்யாணம் வரும், அன்றைக்கு மேடையில் வைக்க உன் படம் கேட்பார்கள். அழகுபடுத்தித் தருகிறேன், பல்லைச் சரி பண்ணித் தருகிறேன் என்று எவனாவது ஒரு கிரியேட்டிவ் ஹெட் கட்டாயம் வருவான். அவன் கையை முறித்துப் போடுவேன். அந்த எண்ணை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, எனக்கு மனப்பாடம். நீ கேட்கும்போதெல்லாம் நான்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
சாப்பாட்டு நேரத்தில் சத்தத்துக்கு ஏங்குகிற உன் மச்சான்,
ஜெனியின் தாய்மாமன்,
அருள்